கைக்கு வரும்வரை

பின்படியில் யாரோ மீன் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மேல்படியின் நடுவில், வால் வீட்டைப் பார்க்க, முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். தலை இல்லை, குடல் இல்லை, செதிலும் இல்லை. படியில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. மீன் வாடை பட்டால் சமையலறை ஜன்னலுக்குள்ளேயே தலையை நீட்டுகிற கடற்காகங்கள், பக்கத்து வீட்டுக் கூரையில் வரிசையாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

துக்க வீடாயிற்றே, யாராவது இரக்கப்பட்டு வைத்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். புருஷன் போனதிலிருந்து படகுத்துறைக்காரர்கள் அப்படித்தான் எதையாவது வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் முட்டை, ஒரு நாள் ரொட்டி. ஆனால் அதையெல்லாம் முன்வாசலில் வைப்பார்கள். பின்கதவைத் திறந்தால் கல்படிகள் நேரே தண்ணீருக்குள் இறங்கும். பின்படிக்கு வருவதென்றால் கடல்வழியாகத்தான் வர வேண்டும். இந்த எண்ணம் அவள் மனதை எட்டிப் பார்த்தது, உட்காராமலே திரும்பிப் போய்விட்டது. அந்த நாட்களில் அவள் மனதில் எதுவும் உட்காரவில்லை.

கதவைத் திறந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அவர்கள் சமையலறை பாதி கரையிலும் பாதி தண்ணீருக்கு மேல் தூண்களிலும் நிற்கிறது. அந்தப் பலகைத் தரைக்கு அடியிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு வேகமாக. கொஞ்சம் விட்டு, ஒன்று. அவிழ்ந்து போன படகு ஏதாவது தூணில் இடிக்கிறதோ என்று பார்க்கத்தான் கதவைத் திறந்தாள். படகு எதுவும் இல்லை. மீன் இருந்தது. எடுத்து வறுத்தாள்.

படகுத்துறையில் அவளுக்கு 'ஐஸ்' என்று பெயர். பயணிகள் மீன்பிடி ட்ரிப் போய்விட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பிடித்த மீனைப் பிறந்த குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வருவார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் அவள் பலகையில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கொட்டகையில் நின்று அதை வெட்டிச் சுத்தம் செய்து கொடுப்பது அவள் வேலை. காலையிலிருந்து மாலைவரை ஐஸ் பெட்டிக்குள்ளேயே கைகள். வருஷக்கணக்கில் அப்படியே இருந்து விரல்கள் மரத்துவிட்டன. அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவாள். சுட்டதா இல்லையா என்பதைத் தோலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். புருஷன் உயிரோடு இருந்தபோது அதை வைத்துக் கேலி செய்வான். "உன் கையைப் பிடிச்சுட்டு நடந்தா, பிடிச்சிருக்கியா விட்டுட்டியான்னு உனக்கே தெரியாதுடி."

இப்போது அந்த மரப்பு விரல்களோடு நிற்காமல் மேலே ஏறிவிட்டது. அவன் போன செய்தியைச் சொன்னபோது வெட்டிக்கொண்டிருந்த மீனை முழுசாக வெட்டி முடித்துவிட்டுத்தான் கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்நெஞ்சக்காரி என்று ஊர் பேசியது. பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

டிக்கெட் கவுன்டரில் உட்காருகிற அக்காவுக்குத்தான் அவள்மேல் உண்மையான அக்கறை. "அழுதுடுடி. உள்ளயே வெச்சுட்டிருந்தா ஒரு நாள் மொத்தமா உடையும், அப்போ தாங்க மாட்டே" என்றாள். அவளும் முயற்சி செய்து பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கோணி, வாயைப் பிளந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. எதைத் தின்றாலும் ஈரக் காகிதத்தை மெல்லுவது போல இருந்தது.

அந்த மீன் மட்டும் ருசித்தது.

உப்பு, எண்ணெய், மீனின் இனிப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக நாக்கில் வந்து நின்றது. பாப்பாவும் தட்டை நக்கியே சுத்தம் செய்துவிட்டாள். பாப்பா என்றால் அவள் மகள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. முன்பல் விழுந்த இடத்தில் நாக்கை விட்டுக்கொண்டே பேசுவாள். தாய்க்கென்று உலகத்தில் மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான். இதை மட்டும் அந்த மரத்துப் போன நெஞ்சும் அறிந்திருந்தது.

"நாளைக்கும் அப்பா மீன் குடுப்பாரா?" என்று பாப்பா கேட்டாள்.

"அப்பா குடுக்கலடி. யாரோ வெச்சுட்டுப் போயிருக்காங்க."

"அப்பாதான். தட்டினாரு இல்ல?"

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

பாப்பா சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அது அவன் தட்டுகிற தாளம்தான். மீன்பிடி ட்ரிப்பைவிட டால்ஃபின் பார்க்கிற ட்ரிப்புக்குத்தான் அந்த ஊரில் கூட்டம் அதிகம். கடலில் விலங்கு நம் இஷ்டத்துக்கா வரும்? மற்றப் படகுக்காரர்கள் கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் போய், வெறும் தண்ணீரைக் காட்டிவிட்டுத் திரும்பி வருவார்கள். அவன் படகில் மட்டும் ஒரு நாளும் ஏமாற்றம் கிடையாது. பாறைத் திட்டைத் தாண்டியதும் இன்ஜினை அணைப்பான். மரச்சுத்தியலால் படகின் பக்கவாட்டில் தட்டுவான். இரண்டு வேகமாக, கொஞ்சம் விட்டு ஒன்று. தண்ணீர் பிளந்துகொண்டு அவை வரும். படகைச் சுற்றி அரைவட்டமாகத் தலையைத் தூக்கி நிற்கும். பயணிகள் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

அவன் வித்தை வேறொன்றுமில்லை. பயணிகள் எழுந்திருக்கும் முன்பே தனியாகப் போய் இரை போட்டுப் பழக்கி வைத்திருந்தான். இரையை வெட்டிக் கொடுத்தவள் அவள்தான். எப்படி வெட்ட வேண்டும் என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான்.

"தலை வேணாம், குடல் வேணாம். முதுகுத் துடுப்புப் பக்கத்துல சாய்ச்சு வெட்டு. வாலை விட்டுடு, நான் பிடிச்சுக் காட்டறதுக்கு. முதல் நாள் பெருசா வெட்டு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சின்னதாக்கிட்டே வா. வயிறு நிறையக் கூடாது. நிறைஞ்சா முதுகைக் காட்டிட்டுப் போயிடும்."

"பாவம்யா அதுங்க."

"என்ன பாவம்? சின்ன மீனைப் போட்டுத்தான் பெரிய மீனைப் பிடிக்கணும். முதல்ல தூரமா வீசணும். மறுநாள் கொஞ்சம் கிட்ட. அதுக்கு மறுநாள் இன்னும் கிட்ட. அவசரமே படக் கூடாது. ஒரு நாள் அதுவே கைக்கு வந்து வாயைத் திறக்கும். கைக்கு வந்துடுச்சுன்னா முடிஞ்சுது. அப்புறம் அது நம்மளுது."

அப்படி இரை போடப் போன ஒரு காலையில்தான் அவன் திரும்பி வரவில்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்த நாள் அது. படகு பாறைத் திட்டுக்கு அப்பால் சும்மா நின்றிருந்தது. சுத்தியலைக் காணோம். இரை வாளி துடைத்து வைத்த மாதிரிச் சுத்தமாக இருந்தது. உடல் கிடைக்கவில்லை.

மறுநாளும் தட்டுகிற சத்தம் கேட்டது. மறுநாளும் மீன் இருந்தது. அதற்கு மறுநாளும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயந்தாள் என்பதுதான் உண்மை. நாள் முழுக்க அவள் உடம்பு ஒரு மூட்டையைப் போல இங்கிருந்து அங்கே நகரும். தரைக்கு அடியில் அந்த முதல் 'டொக்' கேட்டதும் வாயில் எச்சில் ஊறும். கால்கள் தாமாக எழுந்து நடக்கும். ஈரக் கல்லின் வாடை, பாசியின் வழுவழுப்பு, கதவிடுக்கில் வருகிற உப்புக் காற்று எல்லாம் அந்தச் சில நிமிஷங்களில் மட்டும் அவளுக்குத் தெரியும். பிறகு எல்லாம் பழையபடி அணைந்துபோகும்.

ஒரு நாள் வறுக்க எண்ணெய் இல்லை. வெறுமனே சுட்டுத் தின்றார்கள். இன்னொரு நாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பாப்பா பாதியைத் தின்று முடித்திருந்தாள். பச்சையாக. உதட்டோரம் மீன் கொழுப்பு மின்னியது.

"சீ, துப்பு!" என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று அவளுக்கே சந்தேகம். மிச்சப் பாதியைப் பிடுங்கிக்கொண்டாள். அதை அவள் அடுப்புக்குக் கொண்டு போகவில்லை.

கொழுந்தன் கொட்டகைக்கு வந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. அண்ணன் போன பிறகு படகை அவன்தான் ஓட்டுகிறான். வாயாடி, ஒரு நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னால் அவனுக்கு மூச்சு முட்டும். அன்றைக்கு வந்து ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தவன் சிவந்துபோன உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா? இன்னிக்கும் வரலையா?" என்று அவளே கேட்டாள்.

"கை வலிக்கத் தட்டினேன் அண்ணி. அண்ணன் தட்டற மாதிரியேதான். வரல. ஆனா இருக்கு."

"எங்க?"

"படகுக்கு அடியில. தண்ணி தெளிவா இருந்துச்சு, நல்லாப் பார்த்தேன். எல்லாம் தலையை மேல தூக்கிட்டு நிக்குது. ஆடல, அசையல. பயணிங்க நம்மளைப் பார்ப்பாங்க இல்ல, இப்ப ஏதோ நடக்கப் போகுதுன்னு? அந்த மாதிரி பார்க்குது." உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். "அப்புறம் கீழேர்ந்து தட்டுச்சு."

மீனில் இறங்கிக்கொண்டிருந்த அவள் கத்தி நின்றது.

"ரெண்டு. அப்புறம் ஒண்ணு. நான் எழுந்து படகு ஓரத்துக்குப் போயிட்டேன் அண்ணி. எதுக்குப் போனேன்னு கேட்டா எனக்குத் தெரியல. திரும்பிப் பார்த்தா பயணிங்க எல்லாரும் எழுந்து அதே பக்கம் வந்து குனிஞ்சுட்டு நிக்கறாங்க. ஒருத்தர்கூடப் பேசல. படகு ஒரு பக்கமா சாயுது. எப்படியோ இன்ஜினைப் போட்டுட்டேன். அந்தச் சத்தத்துலதான் எல்லாருக்கும் நினைவு வந்துச்சு."

வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. துறையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் கரைந்தன.

"நான் கிளம்பறேன் அண்ணி. என் மாமியார் வீட்டுப் பக்கம் கடல் வாடையே கிடையாது. நீங்களும் பாப்பாவும் வந்துடுங்க. நாளைக்குக் காலையில போயிடலாம்."

"பார்க்கலாம்" என்றாள். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் அவளுடைய பதில் அதுதான்.

அவன் எழுந்தான். அவள் காலைப் பார்த்தான். "எதுக்கு அண்ணி தண்ணில இறங்கினீங்க?"

குனிந்து பார்த்தாள். பாவாடை தொடைவரை நனைந்திருந்தது. அதற்குக் கீழே, காய்ந்து காய்ந்து நனைந்த துணியில் வெள்ளையாக உப்புக் கோடுகள். கணுக்காலில் ஒன்று. கெண்டைக்காலில் ஒன்று. முழங்காலில் ஒன்று.

முதல் நாள் மீன் மேல்படியில் இருந்தது. அது நினைவிருக்கிறது. மறுநாள் அதற்கு அடுத்த படியில். அப்புறம் தண்ணீர் நக்குகிற படியில். அப்புறம்?

இன்று காலை மீனை எங்கிருந்து எடுத்தாள்?

கை பழக்கதோஷத்தில் வேலை செய்துகொண்டே இருந்தது. தலை போயிற்று, குடல் போயிற்று. கத்தி முதுகுத் துடுப்புப் பக்கத்தில் சாய்ந்து இறங்கியது. வாலோடு ஒரு துண்டு பலகையில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். தினமும் படியில் பார்க்கிற அதே துண்டு. அதே சாய்வு. வெட்டு விளிம்பு மட்டும்தான் வேறு. இதில் கத்தி போன நேர்க்கோடு இருந்தது. அதில் ஊசியால் குத்தியது போல நெருக்கமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள் இருக்கும்.

முதல் நாள் முழங்கை நீளம். நேற்று உள்ளங்கை அளவு. இன்று இரண்டு விரல். வயிறு நிறையவில்லை. நாள் முழுக்கப் பசித்தது.

*முதல்ல தூரமா. அப்புறம் கொஞ்சம் கிட்ட.*

தூண்டில்காரனுக்குத் தக்கை மேலேயே கண் என்பார்கள். அந்தக் கண் எத்தனை நாளாகத் தன் மேல் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்கு வேணாம்" என்றாள். "இப்பவே போகலாம். நீ போய் வண்டியை எடுத்துட்டு வா. நான் பாப்பாவைக் கூட்டிட்டு முன்வாசல்ல நிக்கறேன்."

கொழுந்தன் கேள்வி கேட்காமல் ஓடினான். அவள் கைகூடக் கழுவாமல் டிக்கெட் கவுன்டருக்குப் போனாள். பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பா அங்கேதான் அக்காவோடு உட்கார்ந்து படம் வரைவாள். ஸ்டூலில் கிரேயான்கள் மட்டும் கிடந்தன.

"இப்பத்தான்டி போனா" என்றாள் அக்கா. "அப்பா கூப்பிடறாருன்னா. எனக்கு எதுவும் கேக்கலையே, எப்படிக் கூப்பிட்டாருன்னேன். தட்டறாருன்னா. குழந்தை ஏதோ விளையாடுதுன்னு விட்டுட்டேன். ஏன்டி, என்ன ஆச்சு?"

அவள் அதற்குள் ஓடியிருந்தாள்.

தெரு மூடுபனியில் பாதிதான் இருந்தது. விளக்குக் கம்பங்கள் தலையில்லாமல் நின்றன. அவள் செருப்புச் சத்தம் சுவர்களில் பட்டு இரண்டாகத் திரும்பி வந்தது, கொஞ்சம் விட்டு இன்னொன்று வந்தது. முன்கதவு திறந்திருந்தது. நடையில் பாப்பாவின் ஷூ ஒன்று. சமையலறை வாசலில் இன்னொன்று. உள்ளே அடுப்புச் சாம்பலின் வாடையைத் தின்றுவிட்டு ஈரப் பாசியின் வாடை நின்றது. தரைப் பலகைகளின் இடுக்கில் தண்ணீர் மின்னியது. ஏற்றம் வந்துவிட்டது, கடல் வீட்டுக்கு அடியில் வந்து நிரம்பியிருந்தது.

பின்கதவு திறந்திருந்தது.

"பாப்பா!"

டொக் டொக்.

பாதத்துக்கு நேர் கீழே. உள்ளங்காலில் அதிர்ந்தது.

டொக்.

வாயில் எச்சில் ஊறியது. அவள் தன்னைத் தானே வெறுத்தாள். மகளைத் தேடி ஓடி வந்தவளின் வாயில் எச்சில். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

பாப்பா அங்கே இருந்தாள். உயிரோடு. மார்பளவுத் தண்ணீரில், படி மேல், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கவுன் தண்ணீரில் விரிந்து மிதந்தது. அழவில்லை. நடுங்கவில்லை. முகத்தை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் இறங்கினாள். கணுக்கால். முழங்கால். குளிர் தெரியவில்லை. இடுப்பு. பாப்பாவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். பிடித்துவிட்டாள். இழுத்தால் போதும். ஐந்தாறு படி, ஒரு சமையலறை, ஒரு நடை. அப்பால் முன்வாசலில் வண்டியின் ஹாரன் சத்தம்கூடக் கேட்டது. "அண்ணி!" என்று யாரோ வெகு தூரத்தில் கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தாள்.

தண்ணீருக்கு மேலே, உள்ளங்கை விரித்து, ஒரு கை நீண்டிருந்தது. ஊறி வெளுத்த கை. சுண்டுவிரலில் பாதி இல்லை. கயிறு சுற்றி அது போன நாளில் அவள்தான் துணி சுற்றிக் கட்டினாள். அது அவன் கை. மணிக்கட்டுவரை அவன் கை. அதற்குக் கீழே அவன் இல்லை. சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று ஏதோ ஒன்று, கரண்டியின் காம்பைப் பிடிப்பது போல, அதைப் பத்திரமாகக் கவ்விக்கொண்டிருந்தது.

பாப்பா அந்த உள்ளங்கையிலிருந்து வாயால் எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

கத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் அத்தனை நாளும் உறைந்து கிடந்தது ஒரே அடியில் உடைந்தது. பயம் இல்லை அது. அழுகை இல்லை. பசி.

கை மெல்ல மறைந்தது. மீண்டும் மேலே வந்தது. இந்த முறை அவள் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளங்கையில் ஒரு துண்டு. சாய்ச்சு வெட்டியது. வாலோடு. பெரிய துண்டு.

அவசரமே படாமல், அது காத்திருந்தது.

மூடுபனிக்குள் ஒவ்வொன்றாகத் தலைகள் எழுந்தன. படிகளைச் சுற்றி அரைவட்டமாக நின்றன. எப்போதும் சிரிப்பது போலவே இருக்கிற அந்த வாய்கள். இமைக்காத கண்கள். பின்னால் இருந்தவை முன்னால் இருப்பவற்றின் மேலாக எட்டிப் பார்த்தன.

அவள் குனிந்தாள். வாயைத் திறந்தாள். விரல்கள் எப்போதோ மரத்துவிட்டிருந்தன. பாப்பாவின் கையை இன்னும் பிடித்திருக்கிறாளா, விட்டுவிட்டாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

உதடு அந்த உள்ளங்கையைத் தொட்டதும், சுற்றிலும் துடுப்புகள் ஒன்றோடொன்று மோதின. ஈரமாக, முதலில் ஒன்று, பிறகு எல்லாமாக. அவை கைதட்டின.